தேவி கேட்க மறுத்த மரணம்

"படுங்கோ! படுங்கோ!"

மணலில் முகம் புதைக்கிறேன். முள்ளிவாய்க்கால். 2009 மே. தூரத்தில் ஒரு 'டும்'. பிறகு கூவல். பிறகு காது அடைத்துப் போகிறது. தலையைத் தூக்குகிறேன். என் கணவர் பதுங்குகுழி வாசலில் கிடக்கிறார். மகள் அவருக்குக் கீழே. இருவருக்கும் மூச்சில்லை. தொட்டுப் பார்த்தேன். அடுத்த ஷெல் கூவிக்கொண்டு வந்தது. ஓடினேன்.

கணவரின் தங்கை தேவி இதை நம்பவில்லை. அவள் கனடாவில் இருக்கிறாள். அண்ணை ஏதோ முகாமில் இருக்கிறார், பிள்ளையை யாரோ வளர்க்கிறார்கள் என்பாள். வருடாவருடம் அவர்கள் சாதகத்தைக் காட்டிச் சாத்திரம் கேட்பாள். நான் போனில் சொல்லத் தொடங்கினால் வைத்துவிடுவாள். பொட்டை அழிக்க விடவில்லை. திவசம் செய்ய விடவில்லை.

இந்தக் கோடையில் நான் இருக்கும் பாரிஸுக்கு வந்தாள். யூதர்கள் வாழ்ந்த இடங்களைப் பார்க்க வேண்டும் என்றாள். நான் இங்கே லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், மரக்கறிக் கடையில் வேலை. லீவு எடுத்தேன். மெற்றோவில் மரே பகுதிக்குப் போனோம். தொழுகைக்கூடம். பழைய பேக்கரி. எல்லாவற்றையும் படம் எடுத்தாள். எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே இருந்தது.

பிறகு பெயர்ச் சுவர். நாஜிகளுக்காக இங்கே பிடிக்கப்பட்டுக் கொலைமுகாம்களுக்கு ரயிலேற்றப்பட்ட யூதர்களின் பெயர்கள் கல்லில். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து. பிறந்த ஆண்டைப் பார்த்தால் குழந்தைகள். தேவி தடவித் தடவி அழுதாள்.

"பாவங்கள், மச்சாள். உடம்புகூடக் கிடைக்கேல்லை."

யாரென்றே தெரியாத பிள்ளைகளுக்கு அந்தக் கண்ணீர். என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஓம். ஆனா இவையின்ர சனம் செத்ததை ஒத்துக்கொண்டு எழுதி வைச்சிருக்கினம். உம்மட அண்ணையும் செத்திட்டார், தேவி. நான் பக்கத்தில கிடந்தனான்."

வாசலை நோக்கி நடந்தாள். கையைப் பிடித்தேன். உதறினாள். நான் விடவில்லை. காவலாளி எங்களையே பார்த்தார்.

பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "பிள்ளை?"

"அவளும்தான்."

"அழுதவளா?"

"இல்லை. சத்தமே வரேல்லை."

மறுநாள் லண்டன் வழியாகக் கனடா போக ரயிலேறினாள். நம்பினாளா, தெரியாது. இன்னும் போன் எடுக்கவில்லை. அவள் எடுக்கும்வரை காத்திருக்க எனக்கு இனிப் பொறுமை இல்லை. அந்தச் சுவரில் போல, போனவற்றை நானே எழுதுகிறேன்.

விசுவமடுவில் ஒரு வீடு. ஒரு தையல் மெசின். இரண்டு பசுமாடு. கணவர் சிவநேசன், முப்பத்தாறு வயது. மகள் கயல், நான்கு வயது. என் வயிற்றில் மூன்று மாதம். அதற்குப் பெயர் வைத்திருக்கவில்லை.