இருட்டில் பேசட்டும் சேனாபதி

— அந்தக் கதவைச் சாத்திட்டு உட்காரு. இந்த மேக்கப் ரூம்ல யார் யார் இருக்கோம்னு முதல்லயே சொல்லிடறேன். இந்தக் கொட்டகைக்குச் சொந்தக்காரன், உன் தாய்மாமன், நான் ஒருத்தன். என் தங்கச்சி பெத்தவன், நாடகத்தை எழுதி சேனாபதி வேஷமும் கட்டுறவன், நீ ஒருத்தன். சேனாபதி பொண்டாட்டியா நடிக்கிற இந்தப் பொண்ணு. அவ்வளவுதான். நாளைக்கு எவனாவது தானும் கூட இருந்தேன்னு கதை விட்டா, நம்ம வீட்டு விஷயத்துல மூக்கை நுழைக்காதேன்னு சொல்லிடு.

— பொண்டாட்டின்னு மட்டும் சொல்றீங்களே ஐயா. கடைசிக் காட்சி முழுக்க நான் பொணம். பொணம்னு தனியா ஒரு பேர் போடுங்க.

— சும்மா இரு குருவி. மாமா, மேளக்காரங்க வந்தாச்சு, பாதி முகத்துக்கு அரிதாரமும் பூசியாச்சு. இப்பப் போய் கடைசிக் காட்சிய மாத்துன்னா எப்படி?

— நேத்து ஒத்திகைய பின்னால நின்னு பார்த்தேன். கழுத்தை நெரிச்சுக் கொன்னுட்டு அவன் உட்கார்ந்து புலம்புறான். கொட்டகை பெருக்குற அம்மா விளக்குமாத்தைக் கீழ போட்டுட்டுத் தேம்பித் தேம்பி அழுவுது. யாருக்காக? செத்தவளுக்கா? கொன்னவனுக்கு!

— நாடகம் ஜெயிச்சிருச்சுன்னு அர்த்தம் மாமா! சேனாபதி கெட்டவன் இல்ல. கூட இருந்தவன் கோள் சொன்னான், இவன் நம்பிட்டான். அவ மேல தப்பே இல்லைன்னு தெரிஞ்சதும் நெஞ்சு வெடிச்சுத் தன்னையே குத்திக்கிறான். அவன் மேல இரக்கம் வரலைன்னா அப்புறம் நாடகம் எதுக்கு?

— நான் ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்காதீங்க சேனாபதி. நீங்க புலம்பும்போது வெளிச்சம் முழுக்க உங்க மேல. நேத்து கொசு கடிச்சுது, நல்லா சுகமா சொறிஞ்சுக்கிட்டேன். உங்களுக்கே தெரியாது.

— தெரியல.

— கேட்டுக்கோ. பக்கத்துல கிடக்குறவ சொறிஞ்சது கூடத் தெரியல. அவளுக்காகத்தான் அழுவுறானாம்!

— சரி மாமா, என்னதான் செய்யணுங்கிறீங்க?

— அவன் புலம்ப ஆரம்பிச்சதும் இந்தப் பொண்ணு எந்திரிக்கணும். படுக்கையை விட்டு இறங்கி, நடந்து, உள்ள போயிடணும். லைட் இவ பின்னாலயே போகணும். அவன் இருட்டுல பேசட்டும்.

— ஐயோ! செத்தவங்க திரை விழற வரைக்கும் அசையக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதானேய்யா? போன நாடகத்துல தும்முனதுக்கு என்னைக் காய்ச்சி எடுத்தீங்களே!

— எங்கப்பா போட்ட சட்டம்மா அது. அதைத்தான் இன்னிக்கு உடைக்கிறேன். எனக்கு எப்படி இருக்கும்னு பார்த்துக்கோ.

— ஜனங்க சிரிப்பாங்க மாமா.

— சிரிக்கட்டும். அவன் மாரடிச்சு அழணும், கொட்டகை கொல்லுன்னு சிரிக்கணும். அதை நான் காதால கேக்கணும்.

— என் நாடகம் நாசமாயிடும்.

— இன்னிக்கு ஒரு நாள்தான். நாளையில இருந்து உன் இஷ்டம். திரையைக் கிழிச்சுட்டு அழு, நான் ஏன்னு கேக்க மாட்டேன்.

— எழுதி வெச்ச ஒரு சேனாபதி மேல உங்களுக்கு என்ன மாமா இவ்வளவு வன்மம்?

— "அவ யாரைப் பார்த்தாலும் சிரிச்சா, அதுதான் என்னைக் கொன்னுச்சு"ன்னு ஒரு வசனம் வருதே. அது உனக்கு எங்க கிடைச்சுது?

— அப்பா கூடப் பொறந்த அத்தை சொன்னது.

— அத்தைக்கு?

— அப்பா கோர்ட்டுல சொன்னாராம்.

— அதே கோர்ட்டுல நானும் நின்னேண்டா. என் காதுபட, அத்தனை பேர் நடுவுல, செத்துப் போன என் தங்கச்சியோட சிரிப்பு மேல பழி போட்டான். நீ அதை எடுத்து ராகம் போட்டு ஜனங்களுக்குப் பாடுற. அதுவும் நான் கட்டுன மேடையில!

— ஐயா... அப்ப இது உங்க வீட்டுக் கதையா? சேனாபதி, நான் உங்க அம்மாவாவா இத்தனை நாளும் படுத்துக் கிடந்தேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் பாட்டுக்குச் சொறிஞ்சுக்கிட்டு...

— சொன்னா நீ நடிக்க மாட்டேன்னுடுவே குருவி. மாமா, அம்மாவை நான் மறக்கல. நாள் முழுக்க மனசுல அவங்கதான். ஆனா அவர் எனக்கு அப்பா. கொலைகாரன் பெத்த பிள்ளைன்னே எத்தனை காலம் இருக்கிறது? அவரும் ஒரு மனுஷன்னு யாராவது ஒருத்தர் சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு. யாரும் சொல்லல. நானே எழுதிட்டேன்.

— உன்னை வளர்த்தவன் நான். ஒரு நாளாவது அந்தப் பேச்சை எடுத்து உன்னைக் குத்தியிருக்கேனா?

— எடுக்கலையே மாமா, அதுதானே! அவர் பேரையே நம்ம வீட்டுல உச்சரிக்கக் கூடாது. போட்டோவுல கூட அவர் இருந்த பக்கத்தை வெட்டியாச்சு. எனக்கு அம்மா தோள் மேல ஒரு கைதான் மிச்சம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் சேனாபதிய எழுதினேன்.

— அந்தக் கைதான்டா நெரிச்சுது.

— நான் எந்திரிச்சுப் போறேங்க ஐயா. லைட் வரட்டும், வராமப் போகட்டும். இனிமே அந்தப் புலம்பலைப் பக்கத்துல கிடந்து கேக்க என்னால ஆகாது.

— குருவி, நீயுமா?

— நானுந்தான். திரும்பிப் பார்க்கணுமாய்யா?

— பார்க்காதே. கண்ணை நேரா வெச்சு நட. உயிரோட இருந்தப்ப என் தங்கச்சி எப்படி நடப்பாளோ அப்படி, தலை நிமிர்ந்து.

— மாமா, உங்க கால்ல வேணா விழறேன். யாரைப் பழி வாங்கப் போறீங்க இதுல? அவர் செய்ததுக்கு அவரே கூலி குடுத்துக்கிட்டார். ஜெயில்ல அம்மா பேரைச் சொல்லிச் சொல்லி அழுது, தூக்கு மாட்டிச் செத்தாருன்னு அத்தை சொன்னாங்க, ஊரே சொல்லுது. செத்தவரை இன்னும் எத்தனை தடவை கொல்லணும் உங்களுக்கு?

— அவன் சாகல. தண்டனை முடிஞ்சு வெளிய வந்து, வேற ஒருத்தியைக் கட்டிக்கிட்டு, நம்ம ஊர்க்காரங்க கண்ணுல படாம வெளியூர்ல டயர் கடை வெச்சிருக்கான். இன்னிக்கு உன் நாடகம் பார்க்க ஆள் விட்டுக் கூப்பிட்டேன், வந்து உட்கார்ந்திருக்கான்.