பூட்டிய மருந்தறை

நோட்டன் பிரிட்ஜ் கடைத்தெருவில் வாடை அடிக்காத பூச்சிமருந்துக்கடை என்னுடையது ஒன்றுதான். உங்கள் வீட்டு ரோஜாச் செடிக்குப் பூச்சிமருந்து வாங்க வந்தபோது நீங்களே அதைச் சொன்னீர்கள், ஐயா. எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

இந்தச் சிதம்பரநாதன் ஒழுங்கானவன் என்று ஊரில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். விற்பனை அனுமதிப்பத்திரத்தை வருடாவருடம் புதுப்பித்துச் சுவரில் மாட்டுகிறேன். மருந்தையும் சாப்பாட்டுச் சாமானையும் ஒன்றாக வைப்பதில்லை. கடைக்குப் பின்னால் இருக்கும் மருந்தறையை எந்நேரமும் பூட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். பூட்டித்தான் வைப்பேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அரசாங்கத்தோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஆட்கள் குடித்துச் சாகிறார்கள் என்று களையைக் கருக்குகிற ஒரு புல்லு மருந்தைத் தடை செய்தார்கள். கொழும்பில் உட்கார்ந்துகொண்டு தடை செய்வது சுலபம். இங்கே நாலு மழை பெய்தால் புல் முழங்காலுக்கு வந்துவிடும். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருக்கிற சனங்கள் தங்கள் மரக்கறிப் பாத்திக்கு அந்த மருந்தையே கேட்டார்கள். கடல் வழியாகக் களவாக வந்ததைக் கேனில் வாங்கி, பழைய சோடா போத்தல்களில் ஊற்றிக் கொடுத்தேன். லேபல் ஒட்டினால் பிடிபடுவேன். ஆகவே ஒட்டவில்லை.

வீரய்யா அப்படி வாங்கியவன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் வேலை; லயத்துக்குப் பின்னால் போஞ்சிக் கொடி போட்டிருந்தான். ஒன்பதாம் வகுப்புப் படித்த அவன் மகள் வினோதா, பள்ளிக்கூடம் விட்டு வந்த தாகத்தில் அந்தப் போத்தலைச் சோடா என்று நினைத்துக் குடித்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கிடந்து, மூச்சு விட முடியாமல் செத்தாள். எங்கே வாங்கினாய் என்று கேட்டவர்களிடம் வீரய்யா வாய் திறக்கவில்லை. தன்னையும் பிடிப்பார்கள் என்ற பயம். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் போத்தலைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வைப்பது தகப்பன் பொறுப்பு.

காரியமெல்லாம் முடிந்தபிறகு ஒரு காலையில் வீரய்யா கடைக்கு வந்தான். மருந்துக்கடைகளைப் பரிசோதிக்க அதிகாரி வருகிற நாள் அது.

"மொதலாளி, சண்ட போட வரலைங்க. எம்புள்ள திரும்பி வரப்போறதில்ல. ஆபீசர் வந்தா நீங்களே சொல்லிருங்க. வாங்கினது நான்னு நானும் சொல்லிர்றேன், என்னயும் புடிச்சிட்டுப் போகட்டும். அந்தப் போத்தலு இன்னும் எத்தன வீட்டுல இருக்கோ, எல்லாத்தயும் திருப்பி வாங்கிறணுங்க."

நியாயமான பேச்சுத்தான். "உள்ள வா வீரய்யா, ஒக்காந்து பேசுவோம்" என்று மருந்தறைக்குக் கூட்டிப்போனேன். உர மூட்டைமேல் உட்கார்ந்தான்.

"வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்லைங்க. வீட்டுல பூரணிக்குக்கூடத் தெரியாது. மொதல்ல உங்ககிட்ட சொல்றதுதானே மரியாத."

அந்த மரியாதையை அவன் காட்டாமல் இருந்திருந்தால் நான் வேறு வழி யோசித்திருப்பேன். குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கு ஒன்று, விற்பனைக்கு வைத்திருந்தது, சுவரில் சாய்ந்திருந்தது. பிடரியில் அடித்தேன். அவன் கத்தவில்லை, திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. முகத்தில் அடித்தேன். தாடை ஒரு பக்கமாகப் போய்விட்டது. கையைத் தூக்கினான், கையிலும் அடித்தேன். அசைவு நின்றதும் அலவாங்கைத் துடைத்து வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

பிறகு இரண்டு பேருக்குப் போஞ்சி விதை விற்றேன். அதற்குள் உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது. மேல்மாடியிலிருந்து என் மனைவி சிவகாமசுந்தரி தேநீரோடு இறங்கி வந்தாள்.

"உள்ள யாருங்க தட்டுறது?"

"மூட்டை சரிஞ்சிருக்கும்."

"மூட்டை மொனகுமாங்க?"

"மேல போ" என்றேன். தேநீரை வைத்துவிட்டு, பூட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே படியேறினாள்.

மதியம் அதிகாரி வந்தார். அனுமதிப்பத்திரத்தைப் பார்த்தார், அலுமாரியில் இருந்த லேபல்களைப் பார்த்தார். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தேன். மருந்தறை முன்னால் நின்று பூட்டை இழுத்துப் பார்த்தார். எல்லாக் கடைக்காரர்களும் இப்படிப் பூட்டி வைத்தால் தனக்கு வேலையே இருக்காது என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்துவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துப் போனார். அவர்மேல் தப்பில்லை. பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை.

கதவைத் திறந்தபோது வீரய்யா நிலைப்படி வரைக்கும் தவழ்ந்து வந்திருந்தான். "தண்ணி" என்றான். புல்லு மருந்தை அவன் வாயில் ஊற்றினேன். அதிலும் முடியவில்லை. கழுத்தில் முழங்காலை வைத்து, அடங்கும்வரை அழுத்தினேன். பனிமூட்டம் இறங்கியதும் வேனில் ஏற்றிக்கொண்டுபோய், அவன் லயத்துக்கு மேலே உள்ள பாறைச் சரிவில் தள்ளிவிட்டேன். மகள் போன துக்கத்தில் மருந்து குடித்துத் தடுமாறி விழுந்துவிட்டான் என்று ஊர் தானாகவே சொல்லிக்கொண்டது. நீங்களும் பொலிஸ் புத்தகத்தில் அப்படியே எழுதிக்கொண்டீர்கள், ஐயா. கோடித்துணி நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

இன்று காலையில் வீரய்யாவின் பெண்சாதி பூரணி வந்தாள். தலை வாரவில்லை, காலில் செருப்பில்லை.

"மொதலாளி, புல்லு மருந்து ஒரு போத்தல் குடுங்க."

"எதுக்கு?"

"போஞ்சிக்கு."

அவள் போஞ்சிப் பாத்தி எப்போதோ அழுகிப்போனது எனக்குத் தெரியும். ஊற்றிக் கொடுத்தேன். படியில் நின்றிருந்த சிவகாமசுந்தரி ஓடி வந்து அந்தப் போத்தலைப் பிடுங்கினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வா தங்கச்சி, போவோம்" என்று பூரணியின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே பொலிசுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தவள்.

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. வீரய்யாவைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். பூரணி விஷயத்தை மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி எழுதுங்கள், ஐயா. புருஷனும் போய்ப் பிள்ளையும் போனபின் அவள் இருந்து என்ன சுகத்தைக் காணப்போகிறாள்? அந்த நிலைமையில் அவளைப் பார்த்து இரக்கப்பட்டவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.