அந்தப் பக்கம் சிரிப்பு வரல

சிரிப்பு வரும் மேடம், கண்டிப்பா வரும். ஆனா இப்ப இல்ல, கடைசில. அதுக்குள்ள அவசரப்பட்டு எங்க அப்பாவோட இன்சூரன்ஸ் ஃபைல்ல கையெழுத்துப் போட்டுடாதீங்க. அம்மா கீழ ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்காங்க. அந்தக் கடையில ஒரே மெஷின், முன்னாடி ஆறு பேரு நிக்கறாங்க, எண்ணிட்டுதான் மேல வந்தேன். அவங்க வர்றதுக்குள்ள முடிச்சிடறேன். அப்புறம் நீங்க சொல்ல வேண்டியத சொல்லிக்கங்க. என்ன சொல்லுவீங்கன்னும் தெரியும். மன்னிக்கணும்மா, உங்க கணவரே தன் வாயால சொல்லிட்டாரு, கம்பெனியால ஒண்ணும் தர முடியாது.

பாத்தீங்களா, பொசுக்குன்னு நிமிர்ந்துட்டீங்க! உங்க குரலத்தான் பண்ணேன். அந்த மன்னிக்கணும்மா மூக்குல போய் லேசா நின்னுட்டு வருதுல்ல, அதான் சூட்சுமம். கோச்சுக்காதீங்க மேடம். யாரு குரலா இருந்தாலும் ரெண்டு தடவ கேட்டா போதும், எனக்கு நாக்குல வந்து ஒட்டிக்கும். போன வருஷம் எங்க தலைமை ஆசிரியர் குரல்ல ஸ்கூல் மைக்ல லீவு விட்டேன். மழை காரணமாக, மாணவர்கள் அனைவரும், அமைதியாக, ம்ம், ம்ம், வீடு செல்லவும். வெளிய வெயிலு மண்டையப் பொளக்குது. பாதி ஸ்கூலு வீட்டுக்குப் போயிருச்சு, அதுல நாலு வாத்தியாரும் அடக்கம்.

என்ன, தொண்டை கட்டியிருக்கான்னா கேக்கறீங்க? கீச்சுன்னு இருக்கா? இல்லல்ல, தொண்டையெல்லாம் நல்லாதான் இருக்கு. அதுவும் கடைசில சொல்றேன்.

வீட்லயும் சும்மா இருக்க மாட்டேன். வாசல்ல நின்னு அப்பா மாதிரி, இந்தா, கதவத் தொறன்னு குரல் குடுத்தா, அம்மா அடுப்ப அணைச்சுட்டு ஓடி வருவாங்க. பின்னாடியே நெஜ அப்பா வந்து நிப்பாரு. அம்மா கரண்டியோட ரெண்டு பேரையும் மாறி மாறி முறைப்பாங்க. அப்பாவுக்குச் சிரிச்சு சிரிச்சு இருமலே வந்துரும். அவருக்கு மேல எனக்கு ஒரு ரசிகர் கெடையாது மேடம்.

வக்கீல் இருக்காருல்ல, எங்க வக்கீல், அவரு மொத நாளே எங்க கதையக் கேட்டுட்டுத் தலைல கை வச்சுட்டாரு. அவரு பேசறதே யாரோ எழுதிக்கற மாதிரி நிறுத்தி நிறுத்திதான் வரும். அம்மா. அடிபட்டவங்க. என்னென்ன செய்யக் கூடாதோ. அத்தனையும். உங்க வீட்ல. செஞ்சு வச்சிருக்கீங்க. சொல்லிட்டு விரல மடக்க ஆரம்பிச்சாரு.

சுண்டுவிரல், விழுந்த அன்னைக்கே டாக்டர்கிட்ட போகாதது. அப்பா வேலை பாத்தது குழாய், வாஷ்பேசின் வச்சிருக்கற கிடங்கு. உயரமான ரேக்குலேர்ந்து ஏணி போட்டுப் பெட்டி எறக்கணும். அந்த அலுமினிய ஏணியில ஒரு காலுக்கு ரப்பர் கெடையாது. புதுசு கேட்டு கேட்டு அலுத்துப்போய், அட்டைப்பெட்டியக் கிழிச்சு நாலா மடிச்சு அந்தக் காலுக்கு அண்டக் குடுத்து ஏறுவாங்க. அந்த மடிச்ச அட்டை எப்பவும் ரேக்குக்குக் கீழயே கெடக்கும். அன்னைக்கு மொதலாளி வர்றாருன்னு காலைல தரையக் கூட்டியிருக்காங்க. அந்தக் கிடங்கு சூப்பர்வைசர் எதப் பேசறதுக்கு முன்னாடியும் ஒரு தடவ தொண்டையக் கனைப்பாரு. க்ஹும், என்னய்யா இது குப்ப, எடுத்துப் போடு வெளியன்னு அட்டையத் தூக்கிப் போட வச்சிருக்காரு. இது தெரியாம அப்பா வேற ஒரு அட்டையத் தேடிட்டு இருந்தா, க்ஹும், மொதலாளி வந்துட்டாரு, சும்மா ஏறு, ஒரு பெட்டிதானேன்னு வெரட்டியிருக்காரு.

ஏணி வழுக்கிருச்சு. ரேக்கோட இரும்பு விளிம்புல பின்மண்டை. ரத்தம் இல்ல, எலுமிச்சங்கா அளவுக்கு ஒரு வீக்கம். தண்ணியக் குடிச்சுட்டு சாயங்காலம் வரைக்கும் லோடு ஏத்திட்டுதான் வீட்டுக்கு வந்தாரு. அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாங்க. அட போம்மா, உள்ள ஏதாவது இருந்தாத்தானே கெடும்னாரு. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான்.

மோதிர விரல், கையெழுத்து. மறுநாள் சூப்பர்வைசர் பழத்தோட வீட்டுக்கே வந்தாரு. க்ஹும், ஒண்ணும் இல்லண்ணே, லீவு பேப்பர். அப்பா கண்ணாடி கூடப் போடாம போட்டுக் குடுத்தாரு. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும், அந்தப் பச்சைக் கிளிப்புல கடைசியா இருக்கே, அதான். எனக்கு அடி ஏதும் இல்லை, யார் மேலயும் புகார் இல்லை.

நடுவிரல் என்னோடது மேடம். விழுந்த மூணாம் நாள் பக்கத்து வீட்டுக்காரங்க பிரிட்ஜ் வாங்கிட்டு வந்தாங்க. படியில ஏத்த ஆள் பத்தல. அப்பா ஒரு பக்கம் புடிச்சாரு. நான் போன்ல எடுத்தேன், கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி. இதோ களமிறங்குகிறார், தலையில் அடி, ஆனால் தளராத ஆட்டம், என்ன ஒரு தூக்கல், ரசிகர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள்! போட்டு விட்டதும் இருநூறு பேரு லைக் பண்ணாங்க. அதத்தான் உங்க ஆளுங்க எறக்கி ஃபைல்ல வச்சிருக்கீங்க. பிரிட்ஜ் தூக்கறவனுக்கு என்ன காயம்னு கேட்டீங்க. நியாயந்தான். ஆனா பிரிட்ஜ வச்சதும் அப்பா தலையப் புடிச்சுக்கிட்டு செவுத்துல சாஞ்சாரு. ஒரு ஆறு செகண்ட் இருக்கும். அது சிரிப்பா இல்லன்னு நான்தான் வெட்டிட்டேன். இப்ப என்கிட்டயும் இல்ல.

தண்ணியெல்லாம் வேணாம் மேடம், குடிச்சா குரல் மாறிரும். சொல்றேன், சொல்றேன்.

ஆள்காட்டி விரல வக்கீல் பாதிதான் மடக்கினாரு. அம்மா. இது மூணும். எப்படியாவது வாதாடிடலாம். ஆனா. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரங்க போன் பண்ணா. என்னக் கேக்காம. ஒரு வார்த்த பேசக் கூடாது. நல்லா இருக்கீங்களான்னு கேட்டா. நல்லா இருக்கேன்னு கூட. சொல்லக் கூடாது. அவரு சொந்தக் குரல்ல. என் தப்புதான்னு சொல்லிட்டாரே. அதுக்கு. நான் என்ன பண்ணட்டும்.

அந்தப் பதிவோட காப்பி ஒண்ணு எங்களுக்கும் அனுப்பியிருந்தீங்க, ஞாபகம் இருக்கா? அப்பா அதப் பேசி மூணாம் நாள் போயிட்டாரு. மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருந்துச்சாம், மொத நாளே வந்திருந்தா அப்படின்னு டாக்டர் பாதியோட நிறுத்திட்டாரு. எங்க வீட்ல அப்பா குரல் வேற எதுலயும் இல்ல. ஊர்ல இருக்கறவங்க குரலையெல்லாம் எடுத்து வச்ச நான், கூடவே இருக்கறவர எதுக்கு எடுக்கப் போறேன்?

அதனால அம்மாவுக்கு அந்தப் பதிவுதான் எல்லாம். தையல் கடையிலேர்ந்து வந்து கை கால் கழுவிட்டு, ஒடஞ்ச செல்போன மடில வச்சுக்கிட்டு, டெய்லி போட்டுக் கேப்பாங்க. தேங்கா மாதிரி கெட்டியா இருக்கும்மா தலை, வேணும்னா வந்து தட்டிப் பாருங்கன்னு வருமே, அங்க நிறுத்துவாங்க. நிறுத்திட்டு அதுகூட சண்ட போடுவாங்க. எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க? யாரக் காப்பாத்தறதுக்குச் சொன்னீங்க? எங்கள நெனச்சுப் பாக்கலையா? அப்புறம் அவங்களே சமாதானமாயி, சரி விடுங்க, சாப்பிட்டீங்களான்னு கேப்பாங்க. போன்ல ஒண்ணும் வராது. மறுபடி மொதல்லேர்ந்து போடுவாங்க. எட்டு மாசம் மேடம். நான் சமையல்கட்டுல நின்னுக்கிட்டு இருப்பேன், கையில தட்டோட.

அப்பா போன புதுசுல ஒரு நாள், எதார்த்தமா, வாசல்ல நின்னு அம்மான்னு கூப்பிட்டேன். யார மாதிரியும் இல்ல, சும்மா என் குரல்லதான். உள்ள சட்டி விழுந்து ஒடைஞ்சுது. போய்ப் பாத்தா அம்மா செவுத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கறாங்க, மூஞ்சில ரத்தமே இல்ல. அதுக்கப்புறம் நான் என் குரல எடுக்கறதே இல்ல. இப்ப பேசிட்டு இருக்கற இந்தக் கீச்சுக் குரல் இருக்கே, இது எங்க தெரு மருந்துக்கடைக்காரரோடது. இரவல்தான். வக்கீல்கிட்டயும் இதான், ஸ்கூல்லயும் இதான். தூங்கறப்போ எந்தக் குரல்ல ஒளர்றேனோ தெரியல. அம்மா ஒரு நாளு காலைல, அப்பா நேத்து பேசினாருடான்னு சொன்னாங்க.

வர்றேன், விஷயத்துக்குத்தான் வர்றேன்.

எனக்கு அத்தை பொண்ணு ஒருத்தி இருக்கா, என்ன விட ரெண்டு வயசு பெரியவ. என் வித்தையில எனக்குப் போட்டி அவ ஒருத்திதான். அவளோட ஸ்பெஷல் ஆபீஸ் மேடம். வணக்கம், வங்கியிலிருந்து பேசுகிறோம், இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது. அப்படித்தான் ஆரம்பிப்பா. மூணு தடவ ஏமாந்திருக்கேன். ஒரு தடவ அரை மணி நேரம் நிக்க வச்சு எங்க வீட்டு ஜன்னல் எத்தனைன்னு எண்ண வச்சா. எல்லாம் முடிஞ்சதும் ஒரு செகண்ட் சும்மா இருப்பா, அப்புறம் ஒரு சிரிப்பு சிரிப்பா பாருங்க, தட்டு அடுக்கு சரிஞ்ச மாதிரி. நாலாவது தடவ ஏமாறக் கூடாதுன்னு சத்தியம் பண்ணி வச்சிருந்தேன்.

பிரிட்ஜ் தூக்கின மறுநாள். மத்தியானம் மூணு மணி. அப்பா தலை பாரமா இருக்குன்னு உள்ள படுத்திருந்தாரு. அவரு போன் கூடத்துல அடிச்சுது. எடுத்தேன். வணக்கம் ஐயா, இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது, சம்மதமா?

ஆமா மேடம். நீங்கதான்.

இருங்க, நான் இன்னும் முடிக்கல. அந்த ஹெட்போன மாட்டிக்கங்க. அந்தப் பதிவு உங்க கம்ப்யூட்டர்ல இருக்குல்ல? போடுங்க. மொதல்ல வர்றதெல்லாம் வேணாம், அது உங்களுக்கு மனப்பாடம். கடைசிக்குப் போங்க. வேற ஏதாவது சொல்லணுமா ஐயான்னு கேப்பீங்க. அங்கதான். அதுக்கப்புறம் யாரும் பேச மாட்டாங்க. நீங்க எழுதற சத்தம் மட்டும் கேக்கும், காகிதம் ஒண்ணு திருப்புவீங்க. ஏன் அந்தப் பக்கம் ஒருத்தன் போன வைக்காம அவ்வளவு நேரம் சும்மா இருக்கான்னு என்னைக்காவது யோசிச்சீங்களா மேடம்?

உங்கள அத்தை பொண்ணுன்னு நெனச்சு, அவ சிரிப்புக்காகத்தான். இப்ப சிரிப்பா, இப்ப சிரிப்பான்னு பல்லக் கடிச்சுட்டு நின்னேன். நீங்க சிரிக்கவே இல்ல. உடம்பப் பாத்துக்கங்க ஐயான்னு சொல்லிட்டு வச்சுட்டீங்க. அப்பவும் எனக்கு உறைக்கல. நடிப்புல தேறிட்டாளேன்னு அவளுக்கு போன் போட்டுப் பாராட்டினேன். எதுக்குடான்னு கேட்டா.

சத்தத்தக் கூட்டுங்க, இன்னும். நீங்க காகிதத்தத் திருப்பினதும் வரும். அம்மா போன்ல ஸ்பீக்கர் கிழிஞ்சது, அதுல கேக்காது. போன வாரம் சிநேகிதன்கிட்ட நல்ல இயர்போன் வாங்கி, தனியா ஒக்காந்து கேட்டேன். என் கர்மத்த நானே ஒரு தடவ முழுசாக் கேட்டுடலாம்னுதான் கேட்டேன். அப்பத்தான் அது கெடச்சுது.

வந்துச்சா? ரொம்ப தூரத்துல, கதவுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து? இன்னொரு தடவ போடுங்க.

யாருடா போன்ல.

அதேதான்.

மேடம், அப்பா கூடத்துல ஒக்காந்து உங்ககூடப் பேசிட்டு இருந்தா, உள்ள படுத்துக்கிட்டு யாருடா போன்லன்னு கேட்டது யாரு?

பேனாவக் கீழ வச்சுட்டீங்க. பரவால்ல, நெதானமா யோசிங்க. சந்தேகமா இருந்தா இந்தாங்க, இரவல் குரலக் கழட்டி வச்சுடறேன். எட்டு மாசமா எடுக்காதது, கொஞ்சம் துரு ஏறியிருக்கும். ம். நல்லா இருக்கேம்மா, எனக்கென்ன கொறை. ஏணி என்னம்மா பண்ணும், அது பாட்டுக்கு நின்னுச்சு. நான்தான் அட்டைய ஒழுங்கா வைக்காம மாடு மாதிரி ஏறிட்டேன். தலையா? தேங்கா மாதிரி கெட்டியா இருக்கும்மா தலை, வேணும்னா வந்து தட்டிப் பாருங்க.

இது அப்பா மாதிரி பேசறது இல்ல மேடம். போன வருஷம் குரல் ஒடஞ்சு வந்ததுலேர்ந்து இதுதான் எனக்கு வந்த குரல்.

சிரிப்பு வரும்னு சொன்னேன். வரலையா? எனக்கும் அன்னைக்கு வரல.

என்ன எழுதணுமோ எழுதிக்கங்க, எங்க கையெழுத்துப் போடணும்னாலும் போடறேன். என் மேல என்ன கேஸ் போடணுமோ போட்டுக்கங்க. அப்பா உங்ககிட்ட ஒரு வார்த்த கூடப் பேசல, அட்டையப் பத்திச் சொல்லல, தப்பு என்னோடதுன்னு சொல்லல. அது மட்டும் அந்த ஃபைல்ல இருக்கணும்.

படியில செருப்புச் சத்தம் கேக்குதுல்ல? அம்மாதான். ஆறு பேரும் அதுக்குள்ள முடிச்சுட்டாங்க போல. மேடம், நீங்க எதுவும் சொல்ல வேணாம், நானே சொல்லிக்கறேன், இந்தக் குரல்லயே. அதுக்கு முன்னாடி அந்த ஹெட்போன மட்டும் கொஞ்சம் கழட்டி இப்படிக் குடுங்க. அவங்க எட்டு மாசமா கேட்டுட்டு இருந்தது என் குரலத்தான். அந்தக் கடைசி ரெண்டு வார்த்ததான் அப்பா.