மர விலை ஏறியபோதும் இறங்கியபோதும்

மர வியாபாரிகள் சங்கத்தின் தலைவரும், இன்று திறக்கப்படும் இந்த மரக்கிடங்கின் அதிபருமாகிய அவைத்தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே, வெயிலென்றும் பாராமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உளி பிடித்து உள்ளங்கை காய்த்த என் தோழர்களே, தச்சர் சங்கத்தின் சார்பில் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

வாழ்த்திப் பேச அழைத்தார்கள். வாழ்த்த வாய் வரவில்லை, வயிறு எரிகிறது. மரத்தின் விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது? எல்லாம் இயற்கை என்றார் தலைவர். மழை பெய்தால் காட்டுக்குள் லாரி போகாது, கப்பல் தாமதித்தால் சரக்கு வராது. மறுக்கவில்லை. ஆனால் மழை பெய்த மறுநாளே, கோடையில் அறுத்துக் கிடங்கில் அடுக்கிய பலகைக்கும் விலை ஏறுகிறதே, அந்தப் பலகை நனைந்ததா? சிரிக்காதீர்கள் ஐயா, சிரிக்கிற கதையல்ல இது.

வங்கிகள் வட்டியைக் குறைத்த ஆண்டு நினைவிருக்கிறதா? வாடகைக்கு இருந்தவரெல்லாம் வீடு கட்டப் புறப்பட்டார்கள். வீட்டு ஆசை ஒரே நாளில் வரும். மரம் ஒரே நாளில் வளருமா? விலை ஏறியது. இன்னும் ஏறும் என்று பயந்து தேவைக்கு மேல் வாங்கினார்கள். பயந்ததாலேயே இன்னும் ஏறியது.

என் அக்காள் கணவர் தச்சர். ஒரு நர்சம்மாவின் வீட்டுக்குக் கூரை போட்டுத் தருவதாகப் பழைய விலையில் பேசி முடித்திருந்தார். பேச்சு மாறாதவர். இழைப்பு மெஷினை விற்று மரம் வாங்கினார். அது பாதிக் கூரைக்குத்தான் வந்தது. மர அறுவை மில்லில் வேலை பார்த்த என் தங்கை கணவரிடம் போய் நின்றார்.

"மில்லுலேயே இருக்கே. பழைய விலைக்குக் கொஞ்சம் மரச்சட்டம் வாங்கிக் குடுடா."

"எனக்கே ஒரு துண்டு தரமாட்டாங்க அண்ணே. அறுக்கிறது நான், விலை சொல்றது வேற ஆளு."

"ராத்திரி பகலா மில்லு ஓடுது. கொழிக்கிறீங்க. எனக்குன்னா மட்டும் இல்லையா?"

அன்றோடு பேச்சு அறுந்தது. அக்காளும் தங்கையும் கணவன்மாருக்குத் தெரியாமல் போனில் பேசிக்கொண்டார்கள். ஓய்வின்றி ஓடிய ரம்பம், உறக்கத்தில் கண் செருகிய என் தங்கை கணவரின் வலக்கை விரல்களைக் கொண்டுபோனது. அத்தான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

பிறகு வட்டி ஏறியது. கட்டுமானம் நின்றது. விலை சரிந்தது. மில்லைப் பூட்டினார்கள். விலை இறங்கினால் தச்சனுக்கு நல்லதுதானே என்று அங்கே ஒருவர் தலையாட்டுகிறார். மரம் மலிந்தது ஏன் ஐயா? வீடு கட்ட ஆளில்லாததால். ஆளே இல்லாதபோது தச்சன் யார் வீட்டுக் கதவை இழைப்பான்?

அக்காள்தான் அத்தானைத் தங்கை வீட்டுக்கு இழுத்துப் போனாள். உள்ளே என் தங்கை, கணவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் வாசலைத் தாண்டவில்லை.

"நீ நல்லா சம்பாதிக்கிறேன்னு நெனச்சேன்டா."

"நானும் அப்படித்தான் அண்ணே. ஊரெல்லாம் வீடு எழும்புதே, அண்ணன் காட்டுல மழைன்னு நெனச்சேன்."

ஏறியபோது ஒருவர் மெஷினை இழந்தார், ஒருவர் விரல்களை இழந்தார். இறங்கியபோது இருவரும் வேலையை இழந்தார்கள். மலிந்த நாளில் வாங்கிப் பூட்டியவர் யார்? மக்கள் மிரண்ட நாளில், "சரக்கு இல்லை" என்று சொல்லிச் சொல்லி விற்றவர் யார்? பெயர் சொல்ல மாட்டேன். நாற்காலியில் நெளிய வேண்டாம் தலைவரே.

மழையை நிறுத்தச் சொல்லவில்லை. கப்பலைத் தள்ளச் சொல்லவில்லை. உள்ளே எவ்வளவு மரம் இருக்கிறது என்று இந்தக் கிடங்கின் வாசலில் தினமும் எழுதிப் போடுங்கள். இருப்பது தெரிந்தால் ஊரின் பயம் இறங்கும். பயம் இறங்கினால் விலையும் ஓரளவு இறங்கும். எழுதும்வரை இங்கே ஒரு சட்டம்கூட வாங்க மாட்டோம். தச்சர்களும் மில் தொழிலாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து எடுத்த முடிவு இது. சம்மதித்தவர்கள் கை தூக்குங்கள். இன்னும் உயர்த்துங்கள், தலைவர் பார்க்கட்டும்.

மைக்கை இதுவரை அணைக்காத ஒலிபெருக்கிக்காரருக்கு என் முதல் நன்றி. என்னை அழைத்து மாட்டிக்கொண்ட விழாக்குழுவுக்கு அடுத்த நன்றி. பொறுத்திருந்து கேட்ட உங்களுக்கு என் வணக்கம்.