இன்னும் ரெண்டே பேர்

— ஏறி ஒரு மணி நேரம் ஆச்சு தம்பி. அந்த ரெண்டு பேர் எப்பதான் வருவாங்க?

— வந்துருவாங்கக்கா. பதினாலு சீட்டுல பன்னெண்டு நிறைஞ்சாச்சு. கம்பாலா ஸ்டாண்டுல இதைவிட சீக்கிரம் கிளம்புற வேன் எது? பையைக் கீழ வைங்க, மடி வலிக்கும்.

— வேணாம், இருக்கட்டும். பக்கத்து சீட்டுல உக்காந்திருக்க, உன் பேரு என்ன?

— முலோண்டோ.

— முலோண்டோ, நான் பார்த்துப் பார்த்து வண்டி ஏறுறவ. ‘நசோலோ மாடு பிடிக்கிற மாதிரி வண்டி பிடிப்பா’ன்னு எங்க வீட்டுக்காரர் கிண்டலடிப்பாரு. டயரைப் பார்ப்பேன், டிரைவர் கண்ணைப் பார்ப்பேன். எல்லாத்துக்கும் மேல கூட்டம். ஜனம் உக்காந்த வண்டிதான் கிளம்பும்.

— எதிர்ல அரசு பஸ் நிக்குதே, அதைப் பார்க்கலையா?

— அதுவா? உள்ள ஆறு தலைதான் தெரியுது. சீட்டுல பஞ்சு தொங்குது. அதெல்லாம் ஒரு வண்டியா?

— அதுவும் மசாக்காதான். பத்து மணின்னு பலகை போட்டிருக்கான்.

— பலகையில என்ன வேணா எழுதலாம். இப்ப மணி என்ன?

— பத்தாக நாலு நிமிஷம். என்னக்கா, நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி கேக்குறீங்க? மசாக்காவுல யாரு?

— அப்பா.

— அட, அப்பாதானே! எங்கயும் ஓடிர மாட்டாரு. வாழைக்காய் அவிச்சு வச்சுக்கிட்டுக் காத்திருப்பாரு.

— ரெண்டு மணிக்கு அடக்கம்.

— ...யாருக்கு?

— அவருக்குத்தான். முந்தாநாள் போயிட்டாரு. பையில இருக்கிறது அவருக்குச் சுத்துற மரப்பட்டைத் துணி. மூத்த மக நான் போர்த்தணும். எங்க சித்தப்பா ரெண்டடிச்சா யாருக்காகவும் நிக்க மாட்டாரு, குழியில இறக்கிருவாரு.

— ஏறுனதுமே சொல்லக்கூடாதாக்கா?

— சொன்னா? வண்டி கிளம்பிருமா?

— அந்த பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். எந்திரிங்க. ஓடிப்போய் அதுல ஏறுங்க.

— கிறுக்கா உனக்கு? ரெண்டு பேர் வந்தாப் போதும்னு நீதானே சொன்ன!

— மெதுவாப் பேசுங்க. வேன் வாசல்ல ஆள் பிடிக்கிற புரோக்கர் நிக்கிறான். காதுல விழுந்தா நாளையிலிருந்து என்னைச் சேர்த்துக்க மாட்டான்.

— எதுல சேர்த்துக்க மாட்டான்?

— உக்கார்ற வேலையில. நாங்க உக்காந்திருந்தாத்தானே உங்களை மாதிரி ஆளு நம்பி ஏறுவாங்க? ஓடுங்கக்கா... இந்த வேன்ல மசாக்காவுக்குப் போறது நீங்க ஒருத்திதான்.