உயிருக்கு ஆபத்து உள்ளவர்கள்

இந்த வருஷம் கோடை மக்காச்சோளம் எனக்கு நன்றாகவே வந்திருந்தது, இன்ஸ்பெக்டர் சார். ரிட்டயரான வாத்தியார் ராஜசிங்குக்கு விவசாயம் என்ன தெரியும் என்று காரியாபட்டியில் கேலி பேசியவர்கள்கூட வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

காட்டுப்பன்றிக்காகத்தான் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கினேன். பதினாறு வருஷத்தில் என் மேல் ஒரு புகார் கிடையாது. தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னீர்கள், ஒப்படைத்தேன். அதே வாரம் எங்கள் எம்.எல்.ஏ. ஒரு காதுகுத்துக்கு வந்தார். பந்தியில் உட்காரும்போது சட்டை விலகி, இடுப்பில் கைத்துப்பாக்கி தெரிந்தது. அவருக்கு விலக்கு உண்டாம். எனக்கு வயிறு எரிந்தது. நானும் விலக்குக் கேட்டுக் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தேன்.

“அவுகளுக்கு உயிருக்கு ஆபத்து இருக்கு சார். ஒங்களுக்குச் சோளத்துக்குத்தான ஆபத்து?” என்று கிளார்க் சிரித்தார்.

பன்றிக்குத் தேர்தல் தேதி தெரியாது. நான்கே நாளில் அரை ஏக்கர் போய்விட்டது. எம். புதுப்பட்டியில் தெரிந்த ஒருவரிடம் பன்றி கடித்ததும் வெடிக்கும் நாட்டு வெடி ஒன்று வாங்கி, பூசணிக்காய்க்குள் மறைத்து வரப்பில் வைத்தேன். அது சட்டவிரோதம் என்று தெரியும்.

மறுநாள் காலை புல் அறுக்க வந்த அருணாதேவி அதைப் பார்த்துவிட்டாள். என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவள்.

“சார், இந்தப் பூசணிக்கா ஒங்களுதா?”

“இல்லையே.”

“அப்ப நான் எடுத்துக்கிடட்டா?”

தொடாதே என்றால் ஏன் என்று கேட்பாள். சொன்னால், வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஊரெல்லாம் பரப்பிவிடுவாள். வெடி வைத்தவனுக்கு யார் துப்பாக்கியைத் திருப்பித் தருவார்கள்?

“எடுத்துக்கோம்மா” என்றேன்.

புல்லுக்கட்டின் மேல் வைத்துச் சுமந்து போனாள். அவள் உலை வைக்கப் பதினோரு மணி ஆகும். எனக்கு மூன்று மணி நேரம் இருந்தது. இரண்டு தடவை செருப்பை மாட்டினேன், கழற்றினேன். பத்தே முக்காலுக்குச் சத்தம் கேட்டது. அரிவாள்மனை பக்கத்தில் அவள் மகள் கீர்த்திகாவும் உட்கார்ந்திருந்தாளாம். அது எனக்குத் தெரியாது.

எல்லாம் நான் செய்ததுதான், மறுக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லுங்கள் சார். இதையே அந்த எம்.எல்.ஏ. செய்திருந்தால், அவர் லைசென்ஸை ரத்து செய்வீர்களா?