சாய்ந்த கம்பம் வரைக்கும்

"கதவ சாத்து! புள்ளைய உள்ள இழு! வந்துட்டானுங்கோ!"

ஏழுமலையின் குரல். ஆட்டோ ஓட்டுகிறவன். சாதாரணமாகப் பேசினாலே ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும். சந்தின் வாயில் நின்று கத்துகிறான். நான் கடைக்குள் கத்தியும் கையுமாக நிற்கிறேன். ஷட்டரைப் பாதி இறக்குகிறேன். முதலில் நகங்களின் சத்தம். சிமெண்டுத் தரையில் சரசரவென்று. குரைப்பே இல்லை. நிஜமாகச் சண்டைக்கு வருகிற நாய் குரைக்காது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு உறுமல். வாளி உருள்கிறது. குடம் கவிழ்கிறது. அப்புறம் நீளமாக ஒரு வீறிடல். பக்கத்து வீட்டுக் குழந்தை என்று நினைத்து என் மனைவி பிலோமினா வெளியே ஓடப் பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்தேன்.

ஐப்பசி மாதம். காலை. விடாத மழைக்கு நடுவே கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்த நாள். அடையாற்றங்கரையில் எங்கள் சந்தில் போர் தொடங்கியது அப்படித்தான். நாய்ச் சண்டைக்குப் போய் இத்தனை பெரிய பேச்சா என்று கேட்கிறவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போகலாம். எனக்கு வருத்தமில்லை. பார்த்தவன் சொல்ல வேண்டும். பார்த்தவன் நான்.

என் பெயர் சூசை. கோழிக்கறிக் கடை. சந்தின் நடுவில், அடிபம்புக்கு எதிரே. கழித்த கோழிக் கால், கழுத்து, குடல் எல்லாம் காலையிலும் மாலையிலும் கடைக்குப் பின்னால் போடுவேன். எங்கள் சந்து நாய்கள் அதில்தான் வளர்ந்தன. கூட்டமாக இருந்தன. ஆனால் கும்பலாக இருந்ததில்லை. அந்த வித்தியாசத்தை நான் தினமும் பார்த்தேன்.

எங்கள் சந்தில் கட்சிக்காரர்களுக்குப் பஞ்சமே கிடையாது. அதனால் நாய்களுக்கும் பதவி கொடுத்தாள் பிலோமினா. அவள் வாய் அப்படி. பழுப்பு நிறம், ஒரு காது கிழிந்த கிழவி, தலைவி. அவள் பின்னாலேயே திரிந்த கறுப்பன், செயலாளர். எலும்பைக் கண்டால் மேலேயே உட்கார்ந்துகொள்கிற வெள்ளையன், பொருளாளர். எப்போதும் குட்டி போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே இருந்தவள், மகளிரணி. கடைசியாகப் பின்னங்கால் நொண்டுகிற செவலை. அவனை யாரும் மதிப்பதில்லை. எல்லாரையும் அவன் மதிப்பான். அவன்தான் தொண்டன்.

விளையாட்டாக வைத்த பெயர்கள். ஆனால் நிஜமான கட்சியை விட இங்கே ஒழுங்கு அதிகம். சாப்பாடு விழுந்ததும் தலைவி வருவாள். மோந்து பார்ப்பாள். வாய் வைக்க மாட்டாள். பால் கொடுக்கிற மகளிரணி முதலில் தின்ன வேண்டும். அடுத்துத்தான் தலைவி. பிறகு செயலாளர், பொருளாளர். கடைசியில் தொண்டன். அவன் தின்னும்போது மற்றதெல்லாம் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்கும். வெளியே பார்த்தபடி. கடைசியில் சாப்பிடுகிறவனிடம்தான் எவனாவது வந்து பிடுங்குவான், அதற்குக் காவல். இதை முதன்முதலில் பார்த்த அன்று என் கை வேலை நின்றுபோனது. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில்கூடக் கடைசிப் பந்திக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. சந்து முடிந்து சாலை தொடங்கும் இடத்தில் ஒரு சாய்ந்த மின்கம்பம். எந்தப் புயலிலோ சாய்ந்தது, நிமிர்த்த ஆளில்லை. அதுதான் அவர்கள் எல்லை. தலைவி முதலில் தாண்டினால் மற்றவர்கள் தாண்டுவார்கள். தலைவி தாண்டாவிட்டால் அந்தப் பக்கம் பிரியாணி அண்டாவே கவிழ்ந்து கிடந்தாலும் ஒருவரும் தாண்ட மாட்டார்கள். வேறு ஊர் நாய் உள்ளே வர வேண்டுமென்றாலும் அதே இடம்தான். தலைவி கம்பத்தடியில் நிற்பாள். வந்தவன் தலையைத் தாழ்த்த வேண்டும். அவளும் தாழ்த்துவாள். மோந்து பார்த்து உள்ளே விடுவாள். சண்டை என்று வந்தாலும் ஒருவன் மல்லாந்து கழுத்தைக் காட்டிவிட்டால் முடிந்தது. அதற்கு மேல் பல் படாது.

பிறகு அக்கரையை இடித்தார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கக் குடிசைகள். நடைபாலத்தைத் தாண்டினால் அவர்கள். எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான். ஜேசிபி சத்தம் பகலெல்லாம் கேட்டது. முதலில் இரும்புப் பல் தகரத்தில் உரசுகிற கிரீச். பிறகு சுவர் உட்காருகிற தொம். பிறகு யாரோ ஒரு பெண்பிள்ளை ஒப்பாரி. மறுபடி கிரீச். மழை அதை நிறுத்தவில்லை. ஜனங்களை லாரியில் ஏற்றிப் பெருங்குடிக் குப்பைமேட்டையும் தாண்டி எங்கோ அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். பீரோ போனது. கேஸ் சிலிண்டர் போனது. நாய்களை ஏற்ற மாட்டோம் என்று லாரிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

கொஞ்ச நாள் அவை இடிபாட்டில் வீடு இருந்த இடத்திலேயே படுத்திருந்தன. பாலத்தில் நின்றால் தெரியும். பிறகு பசி வந்தது. பாலம் தாண்டின. ஐப்பசியில் ஏழுமலை கத்தியது அவற்றைப் பார்த்துத்தான்.

அந்தக் கூட்டத்துக்கு முன்னால் வந்தவன் பெரிய சாம்பல் நிறத்தான். கழுத்தில் ஒரு சிவப்பு ரிப்பன். பள்ளிக்கூடம் போகிற பெண் குழந்தைகள் பின்னலில் கட்டுகிற ரிப்பன். அழுக்கேறி, நுனி பிரிந்து. யாரோ ஒரு பிள்ளை ஆசையாகக் கட்டி, அவிழ்க்காமலே லாரி ஏறிவிட்டது. அவன் செயலாளரின் தோளைக் கவ்வி உதறியதை ஷட்டர் இடுக்கில் பார்த்தேன். கொன்றுவிடலாமா என்று கத்தியைப் பார்த்தேன். ரிப்பனைப் பார்த்தேன். கையிறங்கிவிட்டது.

அன்றைக்குச் சண்டையை முடித்தது தலைவி. நடுவில் புகுந்தாள். ரிப்பன் கட்டிய அந்தச் சாம்பல் நிறத்தானுக்கு, ரிப்பன் என்றே நாங்கள் கூப்பிட்டவனுக்கு, முன்னால் போய்த் தன் சந்திலேயே, தன் ஆட்கள் பார்க்க, மல்லாந்து படுத்துக் கழுத்தைக் காட்டினாள். அவன் வாய் அவள் கழுத்தில் இருந்தது. மூடவில்லை. உறுமிக்கொண்டே விலகினான். சந்தே மூச்சு விட்டது.

"கெயவிக்கு இன்னா மூளை பாத்தியா!" என்றான் ஏழுமலை.

அதற்கப்புறம் தினமும் காலையில் கம்பத்தடிக்குப் போவாள். ரிப்பனும் அவன் ஆட்களும் வருவார்கள். தலை தாழும். உள்ளே விடுவாள். தொண்டன் தின்று முடித்த பிறகு மிச்சம் அவர்களுக்கு. நான் கழிவைக் கூட்டிப் போட்டேன். பல நேரம் நல்ல கறியையும் போட்டேன். பிலோமினா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். போர் முடிந்துவிட்டது என்றே நாங்கள் நினைத்தோம்.

கார்த்திகையில் எங்கள் கதவுகளில் சிவப்புப் பெயிண்டில் நம்பர் போட்டார்கள்.

எங்கள் முறை. எவ்வளவு அழுதாலும் போகத்தான் வேண்டும் என்று தெரிந்தது. கடையைக் கழற்றினோம். தராசை மூட்டை கட்டினேன். அப்போது எல்லாருக்கும் ஒரே கவலை, நாய்கள். அக்கரைக்காரர்கள் விட்டுவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். அதைச் செய்ய மாட்டோம் என்று சந்தே ஒரு மனதாகச் சொன்னது. ஏழுமலை வழி சொன்னான். தலைவியை அவன் ஆட்டோவில் ஏற்றிக்கொள்வது. லாரி முன்னால் மெதுவாகப் போகட்டும். அவள் கம்பத்தைத் தாண்டிவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும். வேளச்சேரி வரை ஓடி வந்தால் போதும், அங்கிருந்து யார் கையில் காலில் விழுந்தாவது வண்டி பிடித்துவிடலாம். அவர்கள் வழக்கம் எங்களுக்கு அத்தனை நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தத் திமிர்தான்.

லாரி வரும் காலையில் அவள் எங்கேயாவது போய்விட்டால்? அதனால் முந்தின மாலையே அவளைக் கட்டினார்கள். அடிபம்பில், வண்டி இழுக்கிற கயிற்றால். கயிறு நீளமாக இருந்தால் காலில் சுற்றிக்கொள்ளும், கழுத்து இறுகிவிடும் என்று பிலோமினாதான் பயந்தாள். "குட்டையா கட்டு நைனா, பாவம் கெயவி" என்றாள். ஏழுமலை பம்பின் கைப்பிடி உயரத்தில் குட்டையாகக் கட்டினான். தலைவி உட்கார முடிந்தது. படுக்க முடியவில்லை. ராத்திரி அதை யாரும் கவனிக்கவில்லை. நான் பாலில் ரொட்டி நனைத்து வைத்தேன். அவள் தொடவில்லை. மகளிரணி இன்னும் சாப்பிடவில்லை அல்லவா.

காலை. மூட்டம். தூறல்.

நான் பாத்திரம் கட்டிக்கொண்டிருக்கிறேன். நகங்களின் சத்தம். நிமிர்கிறேன். ரிப்பன் வருகிறான். தினமும் வருகிற நேரம். கம்பத்தடியில் நின்று பார்க்கிறான். அவனை உள்ளே விட யாரும் இல்லை. கொஞ்சம் தயங்குகிறான். பசி. பின்னால் இருப்பவை அவனைத் தள்ளுகின்றன. தாண்டிவிட்டான்.

எங்கள் செயலாளருக்கு வேறென்ன தெரியும்? அனுமதியில்லாமல் ஒருவன் உள்ளே வந்துவிட்டான். பாய்கிறான்.

"அட்ச்சிக்குதுங்கோ! தண்ணி ஊத்து! தண்ணி ஊத்து!"

குடம் குடமாக ஊற்றினோம். பயனில்லை. சண்டை உருண்டு அடிபம்பருகே வந்தது. அங்கே தலைவி. அவள் செய்யப் பார்த்ததை நான் பார்த்தேன். இதைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் படுக்கப் பார்த்தாள். முன்னங்கால்களை மடக்கினாள். உடம்பைத் திருப்பினாள். மல்லாந்து கழுத்தைக் காட்டப் பார்த்தாள். கயிறு விடவில்லை. அவள் தாழ்த்தத் தாழ்த்தக் கயிறு தலையை மேலே இழுத்தது. தலை நிமிர்ந்தே நின்றது. தலை நிமிர்ந்து, கழுத்து விறைத்து, பல் தெரிய மூச்சுத் திணறி. நாய் பாஷையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வாடா, ஒரு கை பார்க்கலாம்.

ரிப்பன் அப்படித்தான் படித்தான். அவள் கழுத்தைக் கவ்விவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

"கயித்த அறு! மாமா, கயித்த அறு!" ஏழுமலை என்னைப் பார்த்துக் கத்துகிறான். கோழி வெட்டுகிற கத்தி மூட்டைக்குள். மூட்டையின் முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்தேன். அவிழ்த்து, எடுத்து, ஓடி, அறுத்தேன். கயிறு தளர்ந்ததும் அவள் படுத்தாள். இப்போது படுக்க முடிந்தது. ரிப்பனைப் பார்த்துக் கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். காட்ட அங்கே மிச்சம் எதுவும் இல்லை. அவன் உடனே நின்றுவிட்டான். அந்த வழக்கத்தை அவன் கடைசிவரை மீறவில்லை. நின்றவன் மேல் செயலாளர் விழுந்தான். இரண்டும் ஒன்றை ஒன்று விடவில்லை. பிரித்தபோது இரண்டுக்குமே உயிர் இல்லை.

பிலோமினா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் குட்டையா கட்டச் சொன்னேன்" என்றாள். நாங்கள் யாரும் அவளைச் சொல்லவில்லை. அன்பில்தான் சொன்னாள். கட்டியவனும் அன்பில்தான் கட்டினான். அது எந்த விதத்திலும் ஆறுதலாக இல்லை.

லாரி வந்து ஹாரன் அடித்தது. செத்த மூன்றையும் புதைக்கக்கூட நேரம் தரவில்லை. ஏறினோம். வண்டி நகர்ந்தது. பொருளாளர் ஓடி வந்தான். மகளிரணி ஓடி வந்தாள், குட்டிகள் பின்னால் உருண்டு வந்தன. கடைசியில் நொண்டிக்கொண்டு தொண்டன். நாங்கள் பின் கதவில் தொங்கிக் கூப்பிட்டோம். வாடா, வாடி, வாங்கடா என்று குழந்தைகளெல்லாம் கத்தின. லாரி கம்பத்தைத் தாண்டியது.

அவை கம்பத்தடியில் நின்றுவிட்டன.

முன்னால் தாண்ட யாருமில்லை. வால் ஆடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றன. வளைவு வந்து மறைத்துவிட்டது.

சில வாரம் கழித்து, மழை விட்டதும், ரயில் ஏறித் திரும்பிப் போனேன். சந்து மட்டமாக இருந்தது. அடிபம்பு இல்லை. கம்பத்தையும் பிடுங்கிவிட்டார்கள். அது இருந்த குழியில் தண்ணீர். குழியைத் தாண்டாமல், சந்துப் பக்கமாகவே, விலா எலும்பு தெரிய, தொண்டன் படுத்திருந்தான். மற்றவர்களைத் தேடினேன். கூப்பிட்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. தொண்டனைத் தோளில் தூக்கிக்கொண்டேன். குழியைத் தாண்டும்போது அவன் உடம்பு நடுங்கியதை என் கன்னத்தில் உணர்ந்தேன்.

இப்போது நாலாவது மாடி. தொண்டன் எங்களோடு. வந்த புதிதில் சோறு வைத்தால் தொடவே மாட்டான். தட்டைப் பார்ப்பான், கதவைப் பார்ப்பான். பட்டினியிலேயே போய்விடுவான் என்று பயந்தோம். பிலோமினாவுக்குத்தான் புரிந்தது. அன்றிலிருந்து அவள் தட்டை வைத்துவிட்டு, பக்கத்தில் குந்தி, வரிசை தவறாமல் சொல்கிறாள்.

"மகளிரணி சாப்ட்டா. குட்டிங்கோ சாப்ட்டாச்சு. தலைவி சாப்ட்டா. செயலாளர் சாப்ட்டான். பொருளாளர் சாப்ட்டான். இன்னிக்கு மிச்சம் நெறய கீதுடா, ரிப்பனுக்கும் வச்சிட்டேன். உன் முறை. துன்னு."

சொல்லிவிட்டு எழுந்திருப்பாள். நானும் எழுந்திருப்பேன். இரண்டு பேரும் அவனுக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்தபடி நிற்போம். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு அவன் சாப்பிடுகிற சத்தம் கேட்கும்.